மெக்கன்சியின் பெட்டிகளும் நம் கல்லூரிப் பீரோவும்

வரலாறு படித்தவர் என்று தெரிந்துவிட்டால் போதும். கல்யாணப் பந்தியானாலும் சரி, ரயில் பெட்டியானாலும் சரி, ஒரு கேள்வி தப்பாமல் வந்துவிடும். "அந்தப் பழைய காகிதத்தையெல்லாம் கட்டிக்கிட்டு அழுது என்னங்க ஆகப்போவுது?" கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. பரணில் கிடக்கும் மூட்டைக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நாம்தான் யாருக்கும் எடுத்துச் சொன்னதில்லை. சந்திப்பு மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, அந்த வித்தியாசத்தைப் பற்றியே எழுதலாம் என்று தோன்றியது. அதற்குக் காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

ஏடுகளையும் ஆவணங்களையும் பராமரிப்பது ஒரு தொழில். அதற்கு இலக்கணம் உண்டு, படிப்பும் உண்டு. ஆனால் அந்த இலக்கணத்தை யாரும் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதிவிடவில்லை. இழந்து இழந்து கற்றுக்கொண்டது அது. அந்தப் பாடத்தின் பெரும்பகுதி நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது.

போரய்யா திறந்த வாசல்

காலின் மெக்கன்சி ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவுக்காரர். 1783-இல் கம்பெனிப் படையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். மைசூரை அளந்தார். 1810-இல் சென்னை ராஜதானியின் சர்வேயர் ஜெனரல் ஆனார். 1815-இல் இந்தியா முழுமைக்கும் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். நிலத்தை அளக்கப் போன மனிதர், போன ஊரிலெல்லாம் கோயில் வரலாறு, பாளையக்காரர் வம்சாவளி, கல்வெட்டு, செப்பேடு, நாணயம் என்று சேர்க்க ஆரம்பித்தார். ஊர் ஊராகக் கணக்குப்பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் கேட்டு எழுதி வாங்கிய 'கைபீது'கள் இன்றும் ஆராய்ச்சிக்காரர்களுக்குப் புதையல்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மெக்கன்சிக்கு நம் மொழிகள் தெரியாது! அதை அவரே 1817-இல் எழுதிய கடிதம் ஒன்றில் சொல்லியிருக்கிறார். இந்திய அறிவின் வாசல் தமக்குத் திறந்தது காவலி வேங்கட போரய்யா என்ற இளைஞரால்தான் என்றும் அதில் எழுதினார். பல மொழிகள் தெரிந்த போரய்யா 1803-இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். தம்பி லட்சுமய்யா அந்த இடத்துக்கு வந்தார். அவருக்குக் கீழே தமிழ், தெலுங்கு, கன்னடம் தெரிந்த உதவியாளர்கள் ஊர் ஊராகப் போய், எங்கே போனோம், யாரைப் பார்த்தோம், என்ன கிடைத்தது, எவர் தர மறுத்தார் என்று மாதாமாதம் அறிக்கை அனுப்பினார்கள்.

அந்த அறிக்கைகளைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. ஓர் ஏடு எங்கிருந்து வந்தது, யார் கை வழியாக வந்தது என்ற விவரம் இல்லாவிட்டால், அது அநாதை ஏடு. அதில் உள்ள செய்தியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்லவே முடியாது. காப்பகத் தொழிலின் முதல் பாடம் இது. பொருளோடு அதன் பிறப்பிடத்தையும் சேர்த்து வாங்கி வைக்க வேண்டும்.

மூன்று ஊருக்குப் போன பெட்டிகள்

1821-இல் மெக்கன்சி இறந்தார். அவருடைய மனைவியிடமிருந்து சேகரம் முழுவதையும் கம்பெனி சர்க்கார் 1 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. பட்டியல் போடும் பொறுப்பை எடுத்துக்கொண்டவர் கல்கத்தாவில் இருந்த எச்.எச். வில்சன். 1828-இல் அவர் வெளியிட்ட அட்டவணையில் இலக்கியச் சுவடிகள் 1,568, ஊர் வரலாறுகள் 2,070, கல்வெட்டுப் படிகள் 8,076, மொழிபெயர்ப்புகள் 2,159, சித்திரங்கள் 2,630, நாணயங்கள் 6,218 என்று கணக்கு இருக்கிறது. தனி ஒருவர் தலைமையில் சேர்ந்த சேகரம்! தலை சுற்றுகிறது, இல்லையா?

ஆனால் வில்சன் சமஸ்கிருத அறிஞர். தென்மொழிச் சுவடிகளை அவர் நேரே படித்துப் பட்டியலிடவில்லை. உதவியாளர்கள் ஆங்கிலத்தில் எழுதித் தந்த சுருக்கங்களை வைத்தே பெரும்பாலும் வேலை செய்தார். அதற்குள் பெட்டிகளையும் பிரித்துவிட்டார்கள். ஒரு பங்கு லண்டனுக்குக் கப்பலேறியது, ஒரு பங்கு கல்கத்தாவில் தங்கியது, தென்மொழிச் சுவடிகள் சென்னைக்குத் திரும்பின. மூலம் ஓரிடம், அதன் மொழிபெயர்ப்பு ஓரிடம், அதே ஊரில் வரைந்த சித்திரம் இன்னோரிடம்! கூட்டுக் குடும்பத்தைப் பாகம் பிரித்த கதைதான்.

லட்சுமய்யா சும்மா இருக்கவில்லை. சேகரத்தைத் தொடர்ந்து நடத்தத் தமக்கு அனுமதி வேண்டும் என்று 1830-களில் கேட்டுப் பார்த்தார். பல ஆண்டுகள் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த மனிதர், எந்த ஏடு எங்கே கிடைத்தது என்று மனப்பாடமாகத் தெரிந்தவர். கல்கத்தா ஆசியச் சங்கம் அவரை ஏற்கவில்லை. சுதேசி ஒருவரிடம் தலைமைப் பொறுப்பைக் கொடுப்பதா என்ற தயக்கம். வேலை 1837-இல் வில்லியம் டெய்லர் என்ற பாதிரியாரிடம் போயிற்று. டெய்லர் உழைப்பாளிதான். பூச்சி அரித்த, மை மங்கிய சுவடிகளைப் பார்த்துச் சிலவற்றைத் திரும்பப் படியெடுக்க வைத்தார். 1857 முதல் 1862 வரை மூன்று தொகுதிகளாக ஓர் அட்டவணையும் வெளியிட்டார். ஆனாலும் லட்சுமய்யாவின் தலைக்குள் இருந்த பட்டியல் அவரோடு போயிற்று. இரண்டாவது பாடம் இது. தெரிந்தவர் இருக்கும்போதே அவர் வாயால் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்பதற்கு இந்தத் தொழிலில் இடமில்லை.

மெக்கன்சி சுவடிகளோடு, லண்டனில் கிடந்து சி.பி. பிரவுனின் முயற்சியால் சென்னைக்கு வந்தவையும், பிரவுன் தாமே சேர்த்துக் கொடுத்தவையும் சேர்ந்து 1869-இல் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் உருவாயிற்று. இன்று அங்கே 70,000-க்கும் மேற்பட்ட சுவடிகள் உள்ளன. மெக்கன்சியின் தமிழ், மலையாள வரலாற்றுச் சுவடிகளுக்கு முறையான சுருக்கத் தொகுதியைப் பேராசிரியர் டி.வி. மகாலிங்கம் பதிப்பித்துச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது 1972-இல். மெக்கன்சி இறந்து 151 ஆண்டுகள் கழித்து! சேர்ப்பதற்கு ஒரு மனித ஆயுள் போதும். பட்டியல் போட மூன்று தலைமுறை வேண்டியிருந்தது.

எழும்பூர் அலமாரி சொல்லும் கதை

சுவடி நூலகம் ஒரு வகை. அரசாங்க ஆவணம் இன்னொரு வகை. 1805-இல் கவர்னர் வில்லியம் பென்டிங்க் தலைமைச் செயலகக் காகிதங்களுக்கென்று ஒரு பொது ரிக்கார்டு அறை ஏற்படுத்தினார். 1909-இல் எழும்பூரில் அதற்கென்றே செங்கல் கட்டடம் எழுந்தது. மெட்ராஸ் ரிக்கார்டு ஆபீஸ் என்று பேர். 1973-இல் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் ஆயிற்று.

அங்கே காகிதங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து வைக்கவில்லை. எந்த ஆபீஸில் உண்டாயிற்றோ அந்த ஆபீஸின் பெயரில், உண்டான வரிசையிலேயே வைத்திருக்கிறார்கள். இந்த முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஒரு நிறுவனத்தின் காகிதங்களை இன்னொன்றோடு கலக்காதே என்று பிரெஞ்சு அரசு 1841-இல் சுற்றறிக்கை விட்டது. உண்டான வரிசையைக் கலைக்காதே என்று டச்சுக்காரர் மூவர் 1898-இல் கையேடு எழுதினார்கள். இங்கிலாந்தின் ஹிலரி ஜென்கின்சன் 1922-இல் எழுதிய புத்தகம் பல காலம் காப்பாளர்களின் பாடநூலாக இருந்தது.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? ஒரு சின்ன உதாரணம். ஒரு குடியானவர் வரி தள்ளுபடி கேட்டு மனு கொடுக்கிறார். தாசில்தார் அதன்மேல் குறிப்பு எழுதுகிறார். கலெக்டர் உத்தரவு போடுகிறார். மூன்றும் ஒரே கட்டில் இருந்தால் ஒரு கிராமத்தின் பஞ்சம் கண்ணுக்குத் தெரியும். 'மனுக்கள்' தனியாக, 'உத்தரவுகள்' தனியாக என்று யாராவது அடுக்கி அழகு பார்த்தால், மூன்று உயிரற்ற காகிதம்தான் மிஞ்சும்.

எழும்பூர் அலமாரிகளையே பாருங்கள். பொதுத்துறை ஆவணங்கள் 1670-இல் தொடங்குகின்றன. ராணுவத்துறை 1752-இல் தொடங்குகிறது. வருவாய் வாரியம் 1786-இல் வருகிறது. முதலில் வியாபாரம், பிறகு சண்டை, பிறகு வரிவசூல்! துணி வாங்க வந்த கம்பெனி நாடாளும் கம்பெனியான கதையை, ஒரு கட்டைக்கூடப் பிரிக்காமல் அலமாரி வரிசையிலேயே படித்துவிடலாம். யாராவது ஒரு புத்திசாலி எல்லாவற்றையும் கலைத்து அகரவரிசையில் அடுக்கியிருந்தால் இந்தக் கதை காணாமல் போயிருக்கும்.

ஓலைக்கு எண்ணெய், காகிதத்துக்குப் பொறுமை

கட்டிக் காப்பதில் நம் முன்னோர் ஒன்றும் தெரியாதவர்கள் அல்ல. ஓலையில் எழுத்தாணியால் கீறி எழுதினார்கள். மை போனாலும் கீறல் போகாது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால் எழுத்து மறுபடி பளிச்சென்று எழுந்து நிற்கும். மேலும் கீழும் மரச்சட்டம் வைத்து இறுகக் கட்டினார்கள். காற்றும் பூச்சியும் புகாது. வசம்பும் மஞ்சளும் பூச்சிக்கு எதிரி என்று தெரிந்து வைத்திருந்தார்கள். இப்போது சுவடி நூலகங்களில் எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசுகிறார்கள். ஓலை வளைந்து கொடுக்கிறது, பூச்சியும் அண்டுவதில்லை. சரஸ்வதி பூஜையன்று ஏடுகளை இறக்கித் தூசி தட்டி அடுக்குகிறோமே, அது வெறும் சடங்கா? ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயச் சோதனை!

காகிதம் வேறு ரகம். பழைய தஸ்தாவேஜுகளில் இரும்பு கலந்த மையே காகிதத்தைத் தின்னும். மரக்கூழ்க் காகிதம் தன் அமிலத்தாலேயே பழுத்து உதிரும். வெள்ளையர் காலக் காகிதங்களுக்கு மெல்லிய ஒட்டுத்தாள் போட்டுச் சரிசெய்தார்கள். பிறகு டெல்லித் தேசிய ஆவணக் காப்பகத்தில், அசிட்டேட் தகட்டை அசிட்டோனால் ஒட்டிக் காகிதத்துக்குப் போர்வை போடும் எளிய கைம்முறையைக் கண்டுபிடித்தார்கள். மெஷின் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஏழை நாட்டுக்கு ஏற்ற முறை என்று பல இடங்களில் பரவியது. காலப்போக்கில் அந்தத் தகடும் கெடும் என்று தெரிந்தது. அதிலிருந்து வந்த விதி இது. எந்த வைத்தியம் செய்தாலும், நாளைக்கு வருகிறவன் அதைச் சேதமில்லாமல் திரும்ப எடுக்க முடிய வேண்டும்.

பாதிச் சடங்கின் விலை

உ.வே. சாமிநாதையரை நினைக்காமல் ஏட்டைப் பற்றிப் பேச முடியுமா? கும்பகோணம் கல்லூரியில் 1880-இல் தமிழாசிரியராகச் சேர்ந்தவர், பாடம் நடத்திய நேரம் போக மிச்ச நேரமெல்லாம் ஏடு தேடினார். 1887-இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. அதே ஆண்டில் யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்தார். கல்லூரிச் சம்பளத்தில் வாழ்ந்த ஒரு வாத்தியார் செய்த வேலை இது என்பதைக் கல்லூரி மலரில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது!

ஐயர் தம் வரலாற்றில் ஒரு செய்தி எழுதியிருக்கிறார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போகிறார். சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமம் செய்துவிட்டதாக அங்கே பதில் கிடைக்கிறது. சாஸ்திரப்படி செய்தார்களாம்! படிக்கும்போது வயிறு எரிகிறது.

ஆனால் கொஞ்சம் நிதானமாக யோசித்தால் அந்தச் சடங்கில் ஓர் அர்த்தம் இருந்திருக்கிறது. ஓலைக்கு ஆயுள் குறைவு. பழைய ஏடு சிதைவதற்குள் புது ஓலையில் படியெடுப்பார்கள். படியெடுத்த பின் பழையதைக் குப்பையில் போடாமல் மரியாதையோடு நெருப்புக்கோ ஆற்றுக்கோ கொடுப்பார்கள். படியெடுப்பது முதல் பாதி, விடைகொடுப்பது இரண்டாம் பாதி. ஆதரித்த மடங்களும் ஜமீன்களும் நொடித்து, படியெடுக்கும் கைகள் குறைந்தபோது முதல் பாதி நின்றுபோனது. இரண்டாம் பாதி மட்டும் சிரத்தையாக நடந்தது! தமிழ் எத்தனையோ நூல்களை இழந்ததற்கு வெள்ளத்தையும் கரையானையும் மட்டும் குற்றம் சொல்கிறோம். இந்தப் பாதிச் சடங்குக்கும் அதில் பங்கு உண்டு.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இன்றைக்கும் ஆபீஸ்களில் நடப்பது இதேதான். 'இடம் அடைக்குது சார்' என்று ஒரு நாள் பழைய பைல்களை எடைக்குப் போடுகிறார்கள். கழிப்பதற்கு விதி உண்டு, தப்பில்லை. எல்லாவற்றையும் எந்தக் காப்பகமும் வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் எதை வைத்தோம், எதைக் கழித்தோம், யார் சொல்லிக் கழித்தோம் என்று எழுதிவைக்காமல் கழிப்பதுதான் பாதிச் சடங்கு. மத்திய அரசின் ஆவணங்களுக்கு 1993-இல் பொது ஆவணச் சட்டமே வந்திருக்கிறது. ஒரு கல்லூரிக்கோ, கோயிலுக்கோ, சங்கத்துக்கோ அப்படி யார் சட்டம் போடப்போகிறார்கள்? நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒற்றைப் பிரதியின் ஆபத்துக்கு யாழ்ப்பாணம் சாட்சி. 1981-இல் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஓலைச் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாதவை போனது போனதுதான். மனதுக்கு ஆறுதலான உதாரணமும் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற விளம்பரப் பலகை ஓவியர், குஜிலிப் பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் தூக்கி எறிந்ததையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. ஆனால் அமெரிக்காவுக்கு எடுத்துப்போகவில்லை. சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. மைக்ரோபிலிம் எடுத்தார்கள், அட்டவணை போட்டார்கள். மெக்கன்சியின் பெட்டிகளைப் பிரித்த தவறு இங்கே நடக்கவில்லை. சேகரம் பிறந்த மண்ணில் இருக்கிறது. படி உலகமெங்கும் போகிறது.

நம் பீரோ

இப்போது காரணத்துக்கு வருகிறேன். நம் கல்லூரியிலும் ஒரு ரிக்கார்டு அறை இருக்கிறது. ஸ்டோர் ரூம் என்று சொன்னால்தான் எல்லோருக்கும் புரியும். சேர்க்கைப் பதிவேடுகள், மன்றக் குறிப்பேடுகள், விடுதிக் கணக்கு, ஆண்டு மலர்கள், விளையாட்டு விழாப் படங்கள் எல்லாம் அந்தப் பீரோக்களில்தான். இந்தப் பக்கத்து மாவட்டங்களில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், என்ன தொழில் செய்த வீட்டிலிருந்து வந்தார்கள், எந்த ஆண்டில் முதன்முதலாகப் பெண்கள் வகுப்பறைக்குள் நுழைந்தார்கள் என்பதெல்லாம் வேறெந்தப் புத்தகத்திலும் கிடையாது. அது ஒற்றைப் பிரதி.

பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. சந்திப்பன்று ஏழெட்டுப் பேர் கைகொடுத்தால் ஆரம்பித்துவிடலாம். முதலில் எதையும் இடம் மாற்றாமல், எந்தப் பீரோவில் எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். எண் போடுவது மெல்லிய பென்சிலால், பேனாவே கூடாது. ரப்பர் பேண்ட், துருப்பிடித்த குண்டூசி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கிழிந்ததற்குச் செலோ டேப் போடுவதும் லேமினேஷன் செய்வதும் உதவியல்ல, உபத்திரவம். வெறும் பருத்தித் துணியில் சுற்றி, தரையிலும் சுவரிலும் ஒட்டாமல் வைத்தாலே கரையானிடமிருந்தும் ராமபாணப் பூச்சியிடமிருந்தும் பாதி பிழைக்கும்.

"எல்லாத்தையும் செல்போன்ல படம் புடிச்சிட்டாப் போச்சு" என்று இளைய நண்பர்கள் சொல்வார்கள். நல்லது, செய்யுங்கள், அதுதான் நம் காலத்துப் படியெடுப்பு. ஆனால் வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட ஆயிரம் படம் இருப்பதும் ஒன்றும் இல்லாததும் ஒன்றுதான். எந்தப் பதிவேடு, எந்த ஆண்டு, எத்தனையாவது பக்கம் என்று பெயர் எழுதி, இரண்டு இடத்தில் வைக்க வேண்டும். படம் எடுத்தாச்சே என்று மூலத்தைக் கழித்துவிடக் கூடாது. சேர்க்கைப் பதிவேட்டில் உயிரோடு இருப்பவர்களின் சாதி, வருமானம், மதிப்பெண் எல்லாம் இருக்கும். யார் எதைப் பார்க்கலாம் என்ற கட்டுப்பாட்டையும் முதலிலேயே எழுதிவைக்க வேண்டும்.

இன்னொரு வேலை, உங்களால் மட்டுமே முடிந்தது. உங்கள் வீட்டில் இருக்கும் வகுப்புப் படங்களைக் கொண்டுவாருங்கள். அவற்றில் பேராசிரியர்கள் பெயரும் மாணவர்கள் பெயரும் அச்சாகியிருக்கும். ஓரத்தில் கைகட்டி நிற்கும் அட்டெண்டர் பெயர் பெரும்பாலும் இருக்காது. பரிசோதனைக் கூடத்தைத் திறந்தவரும், மணி அடித்தவரும், நம் பதிவேடுகளை இத்தனை நாள் தூசி தட்டிக் காத்தவரும் அவர்தான். அவர் பெயர் உங்களில் யாருக்காவது ஞாபகம் இருக்கும். லட்சுமய்யாவிடம் கேட்காமல் விட்டதுபோல நாமும் விட்டுவிட வேண்டாம். படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதிக் கொண்டுவாருங்கள்.

மதிய உணவுக்குப் பிறகு பழைய நூலக வராந்தாவில் ஒரு மேசையும் நோட்டும் போட்டிருக்கும். அரட்டையோடு அரட்டையாக வந்து உட்காருங்கள். ஆளுக்கு ஒரு தட்டு எழுதினாலும் போதும்.